காலைக் கையும் மதியக் கையும்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் ஒரு முகம். முன்பக்கத்தில் வெளிச்சமும் ஆளுயரக் கண்ணாடியும் சிரித்துப் பேசும் பெண்களுமாக இருக்கும். வேலை நடப்பது பின்பக்கத்தில். அங்கே ஓர் அறையில் சாணை இயந்திரம் நாள் முழுக்க ஓலமிட்டுக்கொண்டு லென்சுகளை வெட்டும். அடுத்த அறையில் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் வரிசையாக நீலத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிரேம், இரண்டு லென்ஸ், ஒரு சீட்டு. லென்சைப் பிரேமில் உட்காரவைத்து, திருகாணியை முடுக்கி, கோணம் சரிபார்த்து அனுப்புகிறவள்தான் நம் கதைக்காரி.

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயரே திருகாணி. எள்ளில் பாதி இருக்கும் திருகாணியை விரல் நுனியாலேயே எடுத்து ஓட்டைக்குள் நிறுத்துவாள் என்பதால் வந்த பெயர். குணத்துக்கும் அது பொருத்தம்தான், பிடித்தால் விடமாட்டாள் என்பார் சாணைக்காரர். ஒன்பது வருடத்தில் அவள் கைபட்டுப் போன கண்ணாடி ஒன்றுகூட ‘ஆடுகிறது’ என்று திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமையை அவள் தானாகச் சொல்லமாட்டாள். நீங்கள் கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால், கேட்கிற இடத்துக்குப் பேச்சை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

பட்டறைக்கு இரண்டு ஷிப்டு. காலை ஆறரையிலிருந்து இரண்டரை வரை ஒன்று, மதியம் பன்னிரண்டிலிருந்து எட்டு வரை ஒன்று. காலை ஷிப்டு என்பது அங்கே ஒரு பதவி. இரண்டரைக்கு வெளியே வந்துவிட்டால் மிச்சப் பொழுது முழுக்க நம்முடையது. அதனால் அது சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். ஒருவர் வேலையை விட்டால்தான் அடுத்தவருக்கு வழி. திருகாணிக்கு ஏழு வருடம் காத்திருந்த பிறகு கிடைத்தது. அன்றைக்கு எல்லோருக்கும் அவள் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் காலை ஷிப்டுதான் இப்போது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் மோதிரம் கழலவில்லை. உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் காலையில் பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை. பிறகு கதவுத் தாழ்ப்பாள். ஒரு கையில் வந்தாலும் எங்கேயோ இடித்துக்கொண்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, அதே விரல்களில், அதே கணுக்களில் வீங்கியது. விடிந்து எழும்போது விரல்கள் பாதி மடங்கியபடி நின்றன. உள்ளங்கையை விரிக்கப் பார்த்தால் உயிர் போனது. பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல இளகி, மதியச் சாப்பாட்டுக்குள் ஏறக்குறையப் பழைய கையாகிவிடும். வலி மட்டும் அடியில் இருந்துகொண்டே இருக்கும். முப்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

“வயசானவங்களுக்கு மூட்டு தேஞ்சு வர்ற வலி வேற, இது வேற. நோயை எதிர்க்கறதுக்குன்னு உடம்புல ஒரு சக்தி இருக்கு இல்லையா, அது ஆள் தெரியாம உன் மூட்டுக்குள்ள இருக்கற சவ்வையே அடிக்குது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கற மாதிரின்னு வச்சுக்க. ராத்திரி பூரா அசையாம கிடக்கறதால காலையில விறைச்சுப் போகுது. அசைய அசைய இளகும். இளகிட்டா குணமாயிடுச்சுன்னு நினைச்சுடாதே.”

விட்டுவிட்டால் மூட்டு கோணிக்கொள்ளும், கோணினது கோணினதுதான் என்றும் சொன்னார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறந்தும் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது, ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். அது வேலைசெய்யத் தொடங்க மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை காலை வேளையில் கைக்கு ஓய்வு கொடு என்று கடைக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

மூன்று மாதம். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்று மாதம் மதிய ஷிப்டுக்குப் போய்விட்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஏனென்றால் பட்டறையில் இன்னொரு சட்டமும் உண்டு. தொடர்ந்து இரண்டு மாதம் எண்ணிக்கை குறைந்தால் பொருத்தும் மேசையிலிருந்து தூக்கி, பெட்டி மடிக்கிற மேசையில் போட்டுவிடுவார்கள். அட்டைப் பெட்டியை மடித்து, துடைக்கும் துணியை உள்ளே வைத்து மூடுகிற வேலை. அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே குறைந்துவிட்டது.

ஆக, மனிதர்களுக்கு விளக்கிச் சொன்னால் ஆயிற்று என்று நினைத்தாள். பாவம்.

முதலில் நாத்தனாரிடம் விளக்கினாள். மாடி வீட்டில் இருக்கும் அந்த அம்மாள் பாதி கேட்கும்போதே, வாயுதான், உருளைக்கிழங்கை நிறுத்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். திருகாணி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மாத்திரை எப்படி என்று நாத்தனார் விசாரித்தாள். வாரத்துக்கு ஒன்று என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

“வாரத்துக்கு ஒண்ணுதானா? அப்ப சின்ன வியாதிதான். நான் பாரு, சர்க்கரைக்கு நாளைக்கு மூணு போடறேன்.”

அடுத்து பட்டறை. மதியத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரேமுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவள், வாதம் என்ற சொல்லைக் கேட்டதும் வாய் கோணிக்கொள்ளுமா என்று பயந்தாள். அது வேறு என்று சொன்ன பிறகு, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டாள். ஒட்டாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள் திருகாணி. மறுநாளிலிருந்து அவளுடைய டீ டம்ளர் மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாய்க் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று அதையும் சொல்லிப் பார்த்தாள். அது நன்றாகத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு அவளைக் கண்டாலே, இன்னைக்கு நாய் எப்படி இருக்கு, சங்கிலி போட்டியா என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் குற்றம் முழுக்க அவர்கள் மேல் மட்டும் இல்லை. அவளும் ஒரு தப்பு செய்திருந்தாள். காலை வேளையில் பொருத்தும் மேசையில் அவள் ஒருத்திதான். சாணைக்காரர் அடுத்த அறையில் சத்தத்துக்கு நடுவே இருப்பார். மேஸ்திரி எட்டு மணிக்கு வருவார், முதலாளி பத்துக்கு. இந்தத் தனிமையை வைத்து அவள் மறைத்தாள். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வெந்நீரில் கையை ஊறவைத்தாள். சட்டைப் பொத்தானைப் புருஷன் போட்டுவிடுவான். கடைக்கு வந்தபின், கை இளகும்வரை சீட்டுகளைப் பிரிப்பாள், தட்டுகளை அடுக்குவாள், துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். மேஸ்திரி வரும் நேரம் எதையோ மும்முரமாகத் தேடுகிறவள்போல இழுப்பறைக்குள் கையை விட்டுக்கொள்வாள். பத்து மணிக்கு மேல் பேய் மாதிரி வேலைசெய்து விட்டதைப் பிடிக்கப் பார்ப்பாள். இப்படி ஏழெட்டு மாதம். நல்ல வேலைக்காரி என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக, தன் நோய்க்கு இருந்த ஒரே சாட்சியையும் அவளே மறைத்து வைத்தாள்.

அதனால்தான், காலை ஷிப்டை மூன்று மாதம் விட்டுக்கொடுக்கிறேன் என்று அவள் கடிதத்தை நீட்டியபோது பட்டறையே மூக்கில் விரலை வைத்தது. வீடு தேடி வந்த சீதேவியை யாராவது எட்டி உதைப்பார்களா? ஏதோ விஷயம் இருக்கிறது. எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை திறந்திருந்தார்கள். காலையில் அங்கே போய்ப் பொருத்திக் கொடுத்துவிட்டு, மதியம் இங்கே வரத் திட்டம் போடுகிறாள் என்று ஒருவர் கண்டுபிடித்தார். மதிய ஷிப்டில் இருந்த ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, அடுத்து காலை ஷிப்டுக்குக் காத்திருப்பவள். இந்த மாற்றம் நடந்தால் அவளுக்குத்தான் லாபம். அவளே சந்தேகப்பட்டு, அக்கா இவ்வளவு சுலபமாக் கொடுக்கறாங்கன்னா அதுல என்ன வில்லங்கமோ என்று சொல்லித் திரிந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, எனக்கும்தாம்மா மூட்டு வலி, மாடிப்படி ஏறி வரலையா என்று கேட்டார். இது அது இல்லை சார் என்று அவள் ஆறாவது தடவையாகவோ அறுபதாவது தடவையாகவோ தொடங்கினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். முடிந்ததும், ஒருத்தருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள், அதனால் எல்லோரும் பார்க்க முடிவுசெய்வோம் என்றார்.

எல்லோரும் பார்க்க என்றால் ஒன்றரை மணி. பட்டறையில் எந்த வழக்கானாலும் இரண்டு ஷிப்டும் சேர்ந்திருக்கும் அந்த மதிய வேளையில்தான் தீர்ப்பார்கள். யார் முதுகுக்குப் பின்னாலும் எதுவும் முடிவாகக் கூடாது என்பதற்காக முதலாளியின் அப்பா காலத்தில் ஏற்பட்ட வழக்கம், நியாயமான வழக்கம். நாளைக்கு ஒன்றரை மணிக்கு எல்லோர் முன்னாலும் ஒரு பிரேமைப் பொருத்திக் காட்டு, உன்னால் முடிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்றார் முதலாளி.

ஒன்றரை மணிக்கு என் கை நல்லா இருக்கும் சார், காலையில பாருங்க என்று அவள் கெஞ்சினாள். காலையில் எல்லோரும் எப்படி வருவார்கள் என்று மேஸ்திரி கேட்டார்.

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். அவன் லிப்டு பழுது பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். பொத்தான் போட்டுவிட்டு, பற்பசை மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவன். அவனுக்கு மட்டும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராக ஒரு வழி சொன்னான்.

“ஒரு திருகாணியைக் கீழ போட்டுடு. ரெண்டு தடவை போடு. கையை உதறு. போதும்.”

“அது பொய் இல்லையா?”

“காலையில தினமும் கீழ போடறதானே? அதையே மதியம் போடு.”

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. உண்மையை அது நடக்காத நேரத்தில் நடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் படுக்கப் போவதற்கு முன் ஒரு பொத்தானை எடுத்துத் தரையில் போட்டுப் பழகிக்கூடப் பார்த்தாள். நழுவுவது போலப் போட வரவில்லை. எறிவது போல இருந்தது.

மறுநாள் ஒன்றரை மணிக்கு மேசையைச் சுற்றி ஒன்பது பேர். சாணை இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு தட்டை எடுத்து அவள் முன் வைத்தார். வேண்டுமென்றே கஷ்டமானதாகப் பார்த்து எடுத்திருந்தார். விளிம்பு இல்லாத பிரேம். லென்சிலேயே ஓட்டை போட்டு, நான்கு திருகாணியில் நிற்க வேண்டியது. கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் லென்ஸ் விரிசல் விடும், கொஞ்சம் குறைந்தால் ஆடும்.

அவள் சீட்டைப் படித்தாள். படிக்காமல் இருந்திருக்கலாம். ஒரு கண்ணுக்கு மைனஸ் ஏழு, இன்னொன்றுக்கு மைனஸ் ஏழரை, இரண்டிலும் லென்ஸ் நிற்க வேண்டிய கோணமும் குறித்திருந்தது. இந்த மனிதருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் தட்டில் இருக்கும் சோறுகூடத் தெரியாது. லென்ஸ் இம்மி திரும்பினாலும் தலைவலியோடு அலைவார். மூலையில் சிவப்பு மையில் ‘இன்று மாலை’ என்று எழுதியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார்.

முதல் திருகாணியை எடுத்தாள். போடு, போடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. ஒன்பது வருடம் பழகிய விரல்கள் அதைக் கொண்டுபோய் ஓட்டையில் நிறுத்திவிட்டன. இரண்டாவதில் போடலாம் என்று நினைத்தாள். இரண்டாவதும் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதை முடுக்கும்போது கட்டைவிரல் மூட்டில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்ததை அவர்கள் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது கையை. நான்காவதையும் முடித்து, கோணம் பார்க்கும் கருவியில் வைத்து, ஒரு மயிரிழை திருத்தி, துணியால் துடைத்துத் தட்டில் வைத்தாள். பதினோரு நிமிடம்.

யாரோ கைதட்டினார்கள். பளபளப்பு ஏற்றுகிறவள்தான். கேலியாக இல்லை, மனதாரத் தட்டினாள். முதலாளி கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அவருக்கே பெருமையாக இருந்தது.

“இந்தக் கைக்கா ஓய்வு கேட்கற? தங்கம்மா இது.”

அவ்வளவுதான் தீர்ப்பு. காலை ஷிப்டு காலை ஷிப்டாகவே இருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததை, கண்ணுக்கே கடை வைத்திருக்கிறவர்கள் மறந்துவிட்டார்கள். எல்லோரும் கலைந்த பிறகு சாணைக்காரர் மட்டும் நின்றார். டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் அணைத்து அவள் டீ குடிப்பதைக் காலையில் பலமுறை பார்த்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். வெளியே தெரிந்தால் அவளுக்குக் கெட்ட பெயர் என்று இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லையாம். நல்ல மனிதர். அந்த நல்லதனத்துக்காக அவரை அறையலாம் போல அவளுக்கு வந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் மணிக்கட்டு உருண்டு திரண்டு வீங்கியிருந்தது. புருஷன் சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, ஏன் போடவில்லை என்று கேட்டான். திட்டுகிற குரல் இல்லை.

“அந்தக் கண்ணாடியை ஒருத்தர் கண்ணுல போட்டுக்கணுமேங்க,” என்றாள். பிறகு அடக்க முடியாமல் அழுதாள். வலிக்கு அழவில்லை. நாளைக்கும் நாளன்றைக்கும் நான்கு மணிக்கு எழுந்து அந்தக் கையைத் தயார்செய்ய வேண்டும், யாருக்கும் தெரியாமல். அதற்கு அழுதாள். இன்னும் இருபது நாளில் இரண்டாவது மாதமும் முடிந்துவிடும். அழுது முடித்ததும், நாளைக்கு நான்கு மணிக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னாள். அவன் அலாரத்தை மாற்றி வைத்தான்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தாள். வெந்நீர் இல்லை. மடங்கிய விரல்களோடு அப்படியே கிளம்பினாள். ஆறரைக்கு மேசையில் உட்கார்ந்து, முதல் தட்டைத் தனக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள். சீட்டைப் பிரிக்கவில்லை, மேசையைத் துடைக்கவில்லை. திருகாணியை எடுக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடி எடுத்தாள், அது உருண்டு கீழே போனது. குனிந்து தேடாமல் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஒரு வேலையும் செய்யாமல் அந்த மேசையில் அவள் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் உடம்பு கூசியது. எழுந்து எதையாவது துடைக்கலாமா என்று பத்துத் தடவை தோன்றியது. தட்டுகள் வந்து குவிந்தன.

எட்டு மணிக்கு மேஸ்திரி வந்தார். நிறைந்து நின்ற தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன இது, கோபமா, வேலைநிறுத்தமா என்று கேட்டார். விளக்கிச் சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. வலது கையை அவரை நோக்கி நீட்டினாள்.

“இதை விரிச்சு விடுங்கண்ணே.”

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தி, கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரலை நிமிர்த்தப் பார்த்தார். அது வரவில்லை. கொஞ்சம் அழுத்தினார். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தில் சாணைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மேஸ்திரி விரலை விட்டுவிட்டார், கையை விடவில்லை. கணுக்களின் மேல் தன் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது, இப்படிக் கொதிக்குது?”

சாணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மறுபடியும் அந்தக் கையைப் பார்த்தார். முதலாளி வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் இந்தக் கை இளக ஆரம்பித்துவிடும் என்பது அவருக்கு இப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது. சாணைக்காரரிடம், முதலாளிக்குப் போன் போடுங்க, இப்பவே வரச் சொல்லுங்க, தூங்கினாலும் எழுப்புங்க என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

“ஏம்மா, இதை முன்னாடியே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”